தலைப்பாகையில் ஒரு பொன்மணி

குன்றக்காவல் ராஜா கோதண்ட விஜயர் பில்லியர்ட்ஸ் ஆடியதை ஆட்டம் என்று சொன்னால் ஆட்டம் கோபித்துக்கொள்ளும். பச்சைத் துணி விரித்த மேசை கல்கத்தாவிலிருந்து வந்தது. தந்தப் பந்துகளும் வழவழவென்ற நீளக் கோல்களும் கூடவே வந்தன. நிதானம் மட்டும் வரவில்லை.

கோலைப் பிடித்தால் ராஜா உரலில் உலக்கை போடுகிற மாதிரிதான் போடுவார். தோள் எழும்பும், தலை எழும்பும், சில நாள் ஒரு காலும் எழும்பும். வெள்ளைப் பந்து சீறிப்போய்ச் சிவப்புப் பந்தை அறையும். சிவப்புப் பந்து மூலைப் பையின் வாயில் இடமும் வலமும் முட்டிவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்துவிடும். மெல்ல வந்தால் வாங்கிக்கொள்கிற பை, மோதி வந்தால் துப்பிவிடும். மேசைக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

தப்பு ராஜாவுடையது என்று சொல்வதற்கு அந்த அரண்மனையில் யாருக்கும் சம்பளம் கிடையாது. மயில் அகவியதால் குறி தப்பியது என்றார் காரியஸ்தர் வேதகிரி. மயில் ஆற்றுக்கு அக்கரை போயிற்று. கடிகாரம் டிக்டிக்கென்றதால் தப்பியது என்றார் வைத்தியர். கடிகாரத்தை நிறுத்தினார்கள், அன்றிலிருந்து அரண்மனையில் எப்போதும் மூன்றேகால் மணி. பல்லி சொன்னதால் தப்பியது என்றார் ஜோசியர். பல்லி அகப்படவில்லை. அது அந்த மூவரையும்விடப் புத்திசாலி.

கடைசியில் பழி, கூரையில் தொங்கும் பங்கா விசிறியைக் கயிற்றால் இழுக்கும் சடையன்மேல் விழுந்தது.

"கயிற்றைச் சுண்டிவிட்டான், மகாராஜா! காற்று பந்தைத் தள்ளிவிட்டது. என் கண்ணால் பார்த்தேன்!" என்றார் வேதகிரி.

காற்றைக் கண்ணால் பார்த்த முதல் மனிதர் அவர்தான்.

"பொழுது சாய்வதற்குள் இவனும் அக்கரை போகட்டும். பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு தொலையட்டும்" என்றார் ராஜா.

சடையன் பெண்டாட்டிக்கு நிறைமாதம். அக்கரையில் அவர்களுக்குத் தெரிந்த ஒரு வாசலும் கிடையாது. அவன் அழவில்லை. கயிற்றை விடலாமா கூடாதா என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே நின்றான்.

சன்னலோரம் உட்கார்ந்திருந்த அவைப்புலவர் பிச்சாண்டி எழுந்தார்.

"மகாராஜா, இவனை அனுப்பிவிட்டு நாளைக்கும் பந்து விழாவிட்டால்? அசைந்து குறியைக் கெடுத்தவன் இங்கேயே இருக்கிறான் என்றல்லவா ஆகும்? இங்கே இருக்கிற ஒவ்வொருவர் தலைப்பாகையிலும் ஒரு மணி கட்டுவோம். தாங்கள் அடிக்கும்போது எவன் மணி ஒலிக்கிறதோ, அவன் போகட்டும்."

"பலே! எவனானாலும் விடமாட்டேன்."

"எவனானாலுமா?"

"எவனானாலும்! மணிக்குரியவன் அக்கரை. இது ஆணை, புலவரே!"

புலவரே மணிகளைக் கொண்டுவந்தார். மூவருக்கும், கயிற்றை விட்டு வந்த சடையனுக்கும் தம் கையாலேயே கட்டினார், தமக்கும் ஒன்று கட்டிக்கொண்டார். கட்டிய கணத்திலிருந்து மூவரும் கோயில் தூண் மாதிரி விறைத்து நின்றார்கள். மூச்சுக்கூட இரவல் வாங்கியது போல வந்தது.

"எல்லாத் தலையிலும் மணி இருக்கிறது. மகாராஜா தலைதான் மூளியாகத் தெரிகிறது" என்றார் புலவர்.

"எனக்குப் பொன்மணி வரட்டும்!" என்றார் ராஜா.

வந்தது. குஞ்சலத்தோடு கட்டினார்கள். ராஜா குனிந்தார், கோலைப் பின்னுக்கு இழுத்தார், உலக்கை போட்டார். தோள் எழும்பியது, தலை எழும்பியது. சிவப்புப் பந்து பை வாயில் முட்டிவிட்டுத் திரும்பி ஓடிவந்தது.

கணீரென்று ஒரு மணி ஒலித்தது.

எந்த மணி என்று எல்லோருக்கும் தெரிந்தது. ராஜாவின் முகம் சிவந்தது.

"என் மணிதான், மகாராஜா!" என்று பதறினார் வேதகிரி.

"இல்லை, என்னுடையது! எனக்கு வாயு. தலை தானாக ஆடும்" என்றார் வைத்தியர்.

"ஓய், அது என் மணி! காலையிலிருந்தே எனக்கு நேரம் சரியில்லை" என்றார் ஜோசியர்.

புலவர் அவர்களைக் கொஞ்ச நேரம் சண்டைபோட விட்டார். பிறகு சொன்னார்: "நல்லது. சடையனுக்காகக் கொண்டுவந்த படகு துறையில் நிற்கிறது. மூவருக்கும் இடம் இருக்கும்."

"படகா?" வேதகிரிக்கு அப்போதுதான் ஆணை நினைவுக்கு வந்தது. "யோசித்துப் பார்த்தால்… என் மணி இல்லை என்றுதான் தோன்றுகிறது."

"தோன்றுவானேன்? ஆட்டிப் பாருமே."

ஆட்டினார். சத்தம் இல்லை. வைத்தியர் ஆட்டினார், ஜோசியர் ஆட்டினார். ஊமை மணிகள்! மூன்றுக்கும் நாக்கைக் கழற்றிவிட்டுத்தான் புலவர் கட்டியிருந்தார். "சடையா, நீயும் ஆட்டப்பா" என்றார். சடையன் தலையை ஆட்டினான். அவன் மணி கலகலவென்று ஒலித்தது.

"பார்த்தீர்களா? ஒலிக்கிற மணியைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றவன் இவன். ஒலிக்காத மணியை ஒலித்ததாகச் சொன்னவர்கள் இவர்கள்."

ராஜா மெல்லத் தம் தலைப்பாகையைத் தொட்டார். "அப்படியானால், புலவரே, அக்கரைக்குப் போக வேண்டியவன்…"

"தீர்ப்புக்கு முன்னால் இன்னொரு அடி உண்டு, மகாராஜா. இந்தத் தடவை மணி மட்டும் ஒலிக்கக் கூடாது."

ராஜா குனிந்தார். பந்தை மறந்தார், மணியை மட்டும் நினைத்தார். தலை அசையவில்லை. தோள் அசையவில்லை. முழங்கைக்குக் கீழே மட்டும் கை ஊஞ்சல் மாதிரி போய் வந்தது. வெள்ளைப் பந்து நடந்துபோய்ச் சிவப்புப் பந்தைத் தொட்டது. சிவப்புப் பந்து பை வாய்வரை உருண்டு, கொஞ்சம் யோசித்து, உள்ளே விழுந்தது.

மணி ஒலிக்கவில்லை. புகழ்வதா வேண்டாமா என்று தெரியாமல் மூவரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பில் மணி கிணுகிணுத்தது. அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. சடையன் கயிற்றுக்குத் திரும்பினான். மணிக்கு உரிமை கொண்டாடிய மூவரும் ஆணைப்படி படகேறினார்கள். அக்கரையிலும் ஒரு ராஜா இருப்பார். இவர்களுக்கு வேலை கிடைக்காமலா போகும்? திரும்பும்போது படகு மயிலை ஏற்றி வந்தது. அரண்மனைக்கு லாபம்தான்.

ராஜா குஞ்சலத்திலிருந்து பொன்மணியை அவிழ்த்தார். "புலவரே, இது உமக்குப் பரிசு. வாங்கிக்கொள்ளும்."

பிச்சாண்டிப் புலவர் இரண்டடி பின்வாங்கிக் கும்பிட்டார்.

"வேண்டாம், மகாராஜா. அது தங்கள் தலையிலேயே இருக்கட்டும். அங்கேதான் அதற்கு வேலை இருக்கிறது."