காயாத கோடு

பொன்னுரங்கம் சாருக்கு ஐம்பத்துநாலு வயது. அவருக்கு ஆராய்ச்சி வழிகாட்டியான நவமணி மேடத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

நான் அந்த ஆய்வகத்தில் மாஸ் ஸ்பெக் கருவியைப் பார்த்துக்கொள்கிறவன். கல்லைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து என்னிடம் தருவார்கள். அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று கருவி சொல்லும். நான் தாளில் எடுத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் மூக்கை நுழைப்பது என் வேலையில்லை. ஆனாலும் நுழைப்பேன்.

சார் இருபது வருஷம் பாறையில் துளை போடுகிற குழுவில் இருந்தவர். பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாகக் கல் எடுக்கிற வேலை. அந்த ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்லைக் கையில் எடுத்ததும் நக்கிவிடுவார்கள். ஈரம் பட்டால் கல்லின் பட்டைகள் பளிச்சென்று தெரியும். ஈரம் காயும்போது, எங்காவது விரிசல் இருந்தால் அது மட்டும் சீக்கிரம் காயாமல் கறுப்பாக நிற்கும். ஆய்வகத்துக்கு வந்த பிறகும் சார் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நான் முகத்தைச் சுளித்தால், உன் மெஷினுக்கு முன்னாடியே என் நாக்குக்குத் தெரிஞ்சிடும் என்பார்.

அவர் தேடியது ஒன்றைத்தான். கடலில் ஆக்சிஜன் முதன்முதலில் எப்போது வந்தது? பதினாலு தனிமங்கள் கொண்ட ஒரு குடும்பம் உண்டு, எங்கே போனாலும் ஒன்றாகவே போகும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் அதில் சீரியம் மட்டும் கழன்றுகொள்ளும். ஆகவே பழைய கடலடிக் கல்லில் சீரியம் மட்டும் குறைந்திருந்தால், அந்தக் கடலில் அன்றைக்கே ஆக்சிஜன் இருந்தது என்று அர்த்தம்.

பதினொரு கல்லைக் கருவியில் ஓட்டிவிட்டோம். ஒன்றிலும் குறையவில்லை. பங்குனியில் சார் கடைசிக் கல்லைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக அறுக்கக் கொண்டுபோனார். நானும் மேடமும் அங்கேதான் நின்றிருந்தோம். முந்நூறு கோடி வருஷத்துக் கல் அது. ஓட்டினேன். சீரியம் பாதிதான் இருந்தது.

துறை முழுக்க லட்டு கொடுத்தார்கள். சார் மட்டும் சாப்பிடவில்லை. அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விடவே இல்லை. சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, போன் அடித்தால் திடுக்கிட்டார். கட்டுரையைத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். அவருடைய பதிவுக் காலம் ஆடியோடு முடிகிறது, இனிமேல் நீட்டித் தரமாட்டார்கள். இந்தக் கல் இல்லையென்றால் அவருக்குப் பட்டமும் இல்லை. மடியில் கனமில்லாதவருக்கு வழியில் என்ன சார் பயம் என்று நான் ஆறுதல் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மேடத்தின் அறைக்கு வந்தார். கருவிக்கு கேஸ் சிலிண்டர் கேட்டு எழுதிய கடிதத்தில் கையெழுத்து வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

"பயமா இருக்கு மேடம். இது எப்பப் போகும்?"

"எப்ப வந்துச்சு சார்?"

"ரிசல்ட் வந்த அன்னைக்கு."

மேடம் மீதிக் கல்லை எடுத்துவரச் சொன்னார். உருளையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஒரு பாதியிலிருந்துதான் துண்டு எடுத்துப் பொடிப்போம். மறுபாதி பெட்டியில் இருக்கும். சார் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

நக்குங்க சார் என்றார் மேடம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. சார் கல்லை எடுத்தார், திரும்ப வைத்துவிட்டார். வாய் வறண்டிருக்கிறது என்றார்.

மேடம் கல்லைத் தன் பக்கம் இழுத்துத் தானே நக்கினார். எட்டு வருஷத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

மின்விசிறிக்குக் கீழே கல் காய்வதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஓரம் வெளுத்தது. பிறகு நடுவும் வெளுத்தது. தலைமயிர் தடிமனில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் காயாமல் நின்றது. பொடித்த துண்டை எடுத்த இடத்துக்கு நேரே அது ஓடியது.

எனக்கே புரிந்துவிட்டது. விரிசல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும். அது நம் காலத்து மழை, நம் காலத்துக் காற்று. அந்த ஆக்சிஜனே சீரியத்தைக் கழற்றியிருக்கலாம். அப்படியானால் பழைய கடலுக்கும் அந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கோடு எட்டாத இடத்தில் ஒரு துண்டு அறுத்து ஓட்டிப் பார்க்கலாமா என்று மேடம் கேட்டார். சார் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வெகுநேரம் கழித்துத் தலையசைத்தார்.

பொடி கரைய நாலு நாள் ஆனது. திங்கட்கிழமை வந்து போயிற்று, கட்டுரை போகவில்லை. சார் என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். குறைஞ்சிருக்கணும்னு சாமிகிட்ட வேண்டிக்கலாமா, தப்பா என்று என்னைக் கேட்டார். நான் பொத்தானை அழுத்தினேன்.

சீரியம் குடும்பத்தோடு முழுசாக இருந்தது.

தாளைக் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனார். மனசு கேட்காமல் நானும் பின்னால் போனேன்.

"எல்லாம் போச்சு மேடம். பயம் மட்டும் போகலை," என்றார்.

"ரிசல்ட் வந்த அன்னைக்கு அது வரலை சார். அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. பதினொரு கல்லையும் நக்கிப் பார்த்த மனுஷன், பன்னெண்டாவதை மட்டும் நக்காமலே அறுக்கக் கொண்டுபோனீங்க."

சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்பவே ஏன் மேடம் சொல்லலை?"

மேடம் அந்தத் தாளை வாங்கி மேசையில் வைத்தார்.

"எனக்கும் அந்த நம்பர் வேண்டியிருந்துச்சு சார்."