பொட்டலைக் காத்த ஆள்காட்டி

மிருகமும் பறவையும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், காட்டுக் கண்மாய் ஒன்றின் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. நெட்டைக் கால், கைப்பிடி உடம்பு. கூடு கட்டத் தெரியாது. பக்கத்துப் பொட்டலில் சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிடும். போன கோடையில் தண்ணீருக்குப் போன யானைகள் நான்கு முட்டைகளையும் மிதித்துவிட்டன. இந்தக் கோடையிலும் நான்கு முட்டைகள். பாவம், இவையும் மிதிபடுமோ என்று அதற்குப் பயம்.

முயல் குட்டிகளும் கௌதாரிக் குஞ்சுகளும் ஆமை முட்டைகளும் அதே பொட்டலில்தான் இருந்தன. அதனால் ஆள்காட்டி சின்னவர்கள் எல்லாரையும் பார்த்து, தண்ணீருக்கு வழி பிரிக்கும் கூட்டத்தில் என்ன சொல்வது என்று முன்கூட்டியே பேசி வைத்தது.

கூட்டமும் கூடியது. பொட்டல் வழி எங்களுக்குத்தான் என்று யானையும் காட்டெருமையும் மல்லுக்கு நின்றன. கூட்டம் முடியும்வரை ஒருவரும் தண்ணீரில் வாய் வைக்கக் கூடாது. அது அந்தக் கண்மாயின் வழக்கம். ஒவ்வொருவரையும் பேசக் கூப்பிடுவது யார் என்பதிலேயே சண்டை. யானை கூப்பிட்டால் காட்டெருமை ஒத்துக்கொள்ளாது. காட்டெருமை கூப்பிட்டால் யானை எழுந்து போய்விடும்.

"நான் கூப்பிடட்டுமாண்ணே? எனக்கு வேற என்ன வேலை?" என்றது ஆள்காட்டி.

"இந்தத் துக்கடாவா? கூப்பிட்டுட்டுப் போகட்டும்," என்று இரண்டும் சிரித்தன. பெரிய உடம்புக்குள் அறிவு போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும்.

ஆள்காட்டி முதலில் முயலைக் கூப்பிட்டது.

"பொட்டலை விட்டுட்டு மேற்குக் கரை வழியா போங்க," என்றது முயல்.

அடுத்தது ஆமை. அது நடந்து நடுவுக்கு வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அதுவும் அதையேதான் சொன்னது. பிறகு கௌதாரி, அணில், ஓணான். எல்லாருக்கும் ஒரே பேச்சு.

"ஏ குருவி, என்னை எப்பத்தான் கூப்பிடுவ?" யானைக்கு நாக்கு வறண்டுவிட்டது.

"இதோ, உங்களைத்தாண்ணே. தவளைங்க மட்டும் பாக்கி. நூத்திப்பத்து பேரு."

யானை காட்டெருமையைப் பார்த்தது. காட்டெருமை தண்ணீரைப் பார்த்தது.

"தாயே, மேற்குக் கரையிலேயே போறோம். ஆளை விடு!" என்றது யானை.

"ஆனா ஒண்ணு," என்றது காட்டெருமை. "இனிமே இங்க யார் வந்தாலும் நீதான் கூவிச் சொல்லணும். சொல்லாம விட்டா பொட்டல் எங்களுக்கு."

ஆள்காட்டி தன் முட்டைகளைத் திரும்பிப் பார்த்தது. "சொல்றேண்ணே," என்றது. அதற்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தக் கோடையில் நான்கு குஞ்சுகளும் பொட்டலில் ஓடித் திரிந்தன. அன்று ஏற்றுக்கொண்ட வேலையைத்தான் ஆள்காட்டி இன்றும் பார்க்கிறது. வெறும் தரையில் முட்டையிட்டுவிட்டு, யார் காலெடுத்து வைத்தாலும் கத்தித் தீர்க்கிறது. வாயை மூடினால் பொட்டல் போய்விடுமே!