கவளம் தூக்கிய கை

ஒரு ஊர் ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வந்தவர்களின் கையை மறுபடி வேலை செய்ய வைப்பது எப்படி என்று பிசியோதெரபி படித்தவர்களுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஆறு வாரம். ஆளுக்கு ஒரு நோயாளி. கடைசி நாளில் அந்த நோயாளியின் கை என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் தேர்ச்சி.

பயிற்சிக்கு வந்தவர்களில் கிருபா என்றொரு பெண். அவளுடைய வலது கை தங்கமான கை. எது விழப்போனாலும் ஓடிப்போய்த் தாங்கிவிடும். பஸ்ஸில் யார் வீட்டுப் பிள்ளை சரிந்தாலும் பிடித்துக்கொள்ளும். அந்த நல்ல மனசுதான் வினையாகப் போனது.

அவளிடம் ஒப்படைக்கப்பட்டவர் செல்லக்கனி அம்மாள். வயது ஐம்பத்தெட்டு. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கால் ஓரளவு நடந்தது. வலது கை மட்டும் மடியிலேயே கிடந்தது. இடது கையால் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. புருஷன் பொன்பாண்டி மூன்று வேளையும் ஊட்டினார்.

"சோத்துல கைய வச்சு நானே பிசைஞ்சு தின்னா போதும் பிள்ளே. வேற ஒண்ணும் கேக்கல," என்றார் செல்லக்கனி.

மறுநாளே எவர்சில்வர் தட்டில் ரசம் சோறு வந்தது. செல்லக்கனியின் கையைத் தட்டில் எடுத்து வைத்தார்கள்.

"என்னால் முடியாது," என்றது அந்தக் கை.

"நான் இருக்கும்போது என்ன பயம்?" என்றது கிருபாவின் கை. முழங்கைக்கு அடியில் போய் மெல்லத் தாங்கியது. விரல்களைக் குவித்துவிட்டது. கவளம் வாய்க்குப் போனது. பொன்பாண்டி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தினமும் இப்படியே நடந்தது. நாலாம் நாள் பத்துக் கவளம். பத்தாம் நாள் தட்டே காலி. கிருபா சந்தோஷமாக நோட்டில் எழுதி வைத்தாள்.

"சுகமாக இருக்கிறது. நீ வந்ததும் நான் தூங்கிவிடுகிறேன்," என்றது செல்லக்கனியின் கை. கிருபாவின் கை அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டது.

தட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிருபாவுக்கு லீவு. அன்றைக்கு மகனும் மருமகளும் சம்பந்தியம்மாளும் பார்க்க வந்தார்கள். செல்லக்கனி தட்டை முன்னால் இழுத்து வைத்தார்.

"எல்லாரும் பாருங்க. இப்ப நானே சாப்பிடுதேன்."

கையைச் சோற்றில் வைத்தார். அது கிடந்தது கிடந்தபடி இருந்தது. "எழுந்திரு!" என்று மேலேயிருந்து மூளை கத்தியது. இத்தனை நாளாக அந்தக் குரலைக் கேட்க வேண்டிய அவசியமே கைக்கு வரவில்லை. ரசம் மணிக்கட்டுவரை நனைத்தது. சம்பந்தியம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செல்லக்கனி அழவில்லை. "எடுத்துட்டுப் போங்க," என்றார். அதன் பிறகு பொன்பாண்டி ஊட்டியதையும் வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கிருபாவின் கையிடம் தட்டு பேசியது.

"அவர் புருஷன் செய்ததைத்தான் நீயும் செய்தாய். அவர் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி ஊட்டினார். நீ அடியில் ஒளிந்துகொண்டு ஊட்டினாய்."

"விழுந்துவிடுமே என்றுதான்..."

"விழட்டுமே. விழுகிற கைக்கு மூளையிடம் சொல்ல ஒரு சேதியாவது இருக்கும். நீ தூக்கிவிட்ட கை எதைச் சொல்லும்?"

கிருபா நேரே செல்லக்கனியிடம் போனாள். "அம்மா, இத்தனை நாளும் தூக்கினது உங்க கை இல்ல, என் கை. தப்பு என்னோடது. இனிமே தொட மாட்டேன். சோறு கீழ போனாலும் தொட மாட்டேன்."

செல்லக்கனிக்குக் கோபம் இருந்தது. பிறகு, "தட்ட இங்க வையி," என்றார்.

வாய்க்குத் தூரம் குறையட்டும் என்று கிருபா தட்டுக்கு அடியில் ஒரு மணைப்பலகையை வைத்தாள். சோற்றைக் குழைவாக வடிக்கச் சொன்னாள். பிறகு தன் வலது கையை மேசைக்கடியில் கொண்டுபோனாள். அவளுடைய இடது கை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

முதல் நாள் ஒரு விரல் மட்டும் அசைந்தது. அடுத்த வாரம் சோறு சேலையில் விழுந்தது, தரையில் விழுந்தது, ஒரு பருக்கைகூட வாய்க்குப் போகவில்லை. சாப்பாட்டு நேரம் முக்கால் மணி நேரமாக நீண்டது.

"கொஞ்சம் புடிச்சு விடுங்கம்மா. பாக்க முடியல," என்றார் பொன்பாண்டி.

"எனக்கும் முடியலய்யா," என்றாள் கிருபா.

"வா, வந்து தாங்கு," என்று செல்லக்கனியின் கை மேசைக்கு மேலிருந்து கெஞ்சியது.

"மாட்டேன்."

"உனக்கு இரக்கமே இல்லாமல் போய்விட்டது."

மேசைக்கடியில் கிருபாவின் கைக்கு வியர்த்து ஒழுகியது. மேலே செல்லக்கனியின் மூளை, ஒவ்வொரு தரம் கை விழும்போதும், இடிந்துபோன பாதைக்குப் பக்கத்தில் வேறு தடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தது.

கடைசி நாள் வந்தது. தேர்வாளர்கள் எதிரே உட்கார்ந்தார்கள். செல்லக்கனியின் கை சோற்றைப் பிசைந்தது. குவித்தது. மெல்ல எழுந்தது. மார்பைத் தாண்டி, மோவாய்க்குப் பக்கத்தில் வந்து ஆட ஆரம்பித்தது. கவளம் சரிந்தது.

கிருபாவின் கையால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இடது கையின் பிடியை உதறிவிட்டு, மேசைக்கடியிலிருந்து முழங்கையை நோக்கிப் பாய்ந்தது.

செல்லக்கனியின் கை அதைப் பார்த்துவிட்டது. முழங்கையை வெடுக்கென்று விலக்கி, வந்த கையை இடித்துத் தள்ளியது. பெரிய பலமெல்லாம் இல்லை. ஆனால் அது அதன் சொந்தப் பலம். பாதிச் சோறு மடியில் விழுந்தது. மீதி வாய்க்குள் போனது.

செல்லக்கனி மென்றுகொண்டே அழுதார். பொன்பாண்டி எழுந்து வெளியே போய்விட்டார்.

தேர்வுத் தாளைக் கிருபாவிடம் நீட்டினார்கள். 'நோயாளிக்கு எவ்வளவு உதவி தேவைப்பட்டது?' என்று அதில் ஒரு கேள்வி. இடி வாங்கிய கை பேனாவை எடுத்து எழுதியது:

'கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார்.'