ஸ்வீடன் கையுறை

ஏகாம்பரத்துக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் சோறு இறங்காது. அந்த மடத்தில் தோல் சாமான் வாசலைத் தாண்டி வரக் கூடாது. பெல்ட்டைக்கூட வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அதைக் காவல் காப்பவர் ஏகாம்பரம். யாரும் கொடுத்த வேலை இல்லை, அவராக எடுத்துக்கொண்டது.

அன்று காலை ஒரு ஜோடி கையுறையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு குரு அம்மா முன்னால் வந்து நின்றார்.

“நம்ம மடத்துல வந்து தங்கியிருக்கானே ஆம்பூரான், அவன் பையில இருந்தது, அம்மா.”

“பையைத் திறந்தியா?”

“திறக்காம எப்படித் தெரியும்? மூணு மாசமா பார்க்கறேன், ஆளு முழியே சரியில்லை. தோலான்னு கேட்டா ‘ஸ்வேட்’ங்கறான். யாரை ஏமாத்தறான்? இன்னிக்கே அனுப்பிடணும்.”

“அவருக்குப் போக இடமில்லையேப்பா.”

“அது அவன் பாடு.”

அம்மா துறவுக்கு முன்னால் புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர். கையுறையை வாங்கித் தடவிப் பார்த்தார். பூனை முதுகு மாதிரி இருந்தது.

“தோல்தான். உள்பக்கத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு இப்படி ஆக்குவாங்க.”

“பார்த்தீங்களா! அப்புறம் எதுக்கு ‘ஸ்வேட்’னு பேரு?”

“ஸ்வீடன் தேசத்துக்குப் பிரெஞ்சுல அதுதான் பேர். அங்கேர்ந்து இந்த மாதிரி கையுறை வந்தது. வாங்கினவங்க ஸ்வீடன் கையுறைன்னாங்க. போகப்போக, எந்த ஊர்ல பண்ணினாலும் இந்தத் தோலுக்கே அந்தப் பேர் நின்னுடுச்சு.”

“ஆடா, மாடான்னு பேர்ல ஒண்ணும் இல்லையா?”

“இல்லை. வந்த ஊர் மட்டும்தான்.”

ஏகாம்பரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அட, திருட்டுப் பேரு! ஊரைச் சொல்லிட்டு உள்ளதை மறைச்சுட்டாங்களே! இவனும் அதே ரகம்தான், அம்மா. பிடியே கொடுக்க மாட்டேங்கறான். அனுப்பிடலாமா?”

“அனுப்பலாம். நானே கூப்பிட்டுச் சொல்றேன். அவர் பேர் என்ன?”

“ஆம்பூரான்.”

“அது ஊரு.”

ஏகாம்பரத்துக்கு வேறு பேர் தெரியாது. இத்தனை நாளும் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை அந்த மனிதருடையதுதான்.

அம்மா கையுறையை நீட்டினார்.

“இதை அவர்கிட்ட கொடுத்துட்டு, பேரைக் கேட்டுட்டு வா. அப்புறம் அனுப்பலாம்.”