கோணலூர் ஸ்டுடியோவின் புது லென்ஸ்

2022ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் பிடித்த ஐப்பசி மழை பதினொரு மணியாகியும் விட்டபாடில்லை. கோணலூர்க் கடைத்தெருவில் கணுக்கால் மூழ்கத் தண்ணீர் நின்றது. அதில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவந்த பொன்மொழி, சிங்காரம் ஸ்டுடியோவுக்குள் நுழைந்து, தன் அண்ணன் மாசிலாமணியின் முன்னால் ஒரு கல்யாண ஆல்பத்தைப் பொத்தென்று போட்டாள்.

“இதுல பொண்ணு எங்க இருக்கு, காட்டு பாப்போம்.”

அவை மாசிலாமணி எடுத்த படங்கள்தாம். ஓர் ஓரத்தில் நின்ற நாகஸ்வரக்காரரின் மீசையை மயிர் மயிராக எண்ணலாம். மற்றோர் ஓரத்தில் வாழைமரத்தின்மேல் ஊர்ந்த எறும்புகூடத் தெரிந்தது. நடுவில், மணப்பெண்ணின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும், செக்கச்செவேலென்று ஒரு புகை.

“பட்டுப்புடவைக்கு மேல இருக்குறதுதான் பொண்ணும்மா” என்றான் மாசிலாமணி பணிவாக.

“அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். என் மூஞ்சியும் இப்படிப் புகையா வந்துச்சு, அப்புறம் நீ என் வீட்டு வாசப்படிய மிதிக்காத!”

அவள் போய்விட்டாள். தாய் தந்தை இல்லாத மாசிலாமணிக்கு ஒட்டி உறவாட எஞ்சியிருந்தவள் அவள் ஒருத்தியே.

இந்தக் கோளாறு ஆயுதபூஜைக்கு மறுநாள் தொடங்கியது. பூஜையன்று ஸ்டுடியோக்காரர்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. கத்தரிக்கோல், விளக்கு, ஸ்டாண்டு, முதலாளியின் ஸ்கூட்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். கேமராவுக்கு மட்டும் தனி மரியாதையாக, லென்ஸ் கண்ணாடியின் நட்டநடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பொட்டு வைத்தார்கள்.

“அன்னைக்கு அந்தப் பூஜையும் போடாம விட்டிருந்தா, இன்னும் மோசமால்ல வந்திருக்கும்!” என்று முதலாளி சிங்காரவடிவேலு இன்றும் உடல் சிலிர்த்தார்.

உடனே ஆலோசனை கூடியது. கேமரா பாடியை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

“பாடிதான்” என்றான் லைட் பிடிக்கும் சடகோபன். “லென்ஸ் பாக்கத்தான் செய்யும். ஞாபகம் வச்சுக்குறது பாடி. முதலாளி, போன வருசம் நான் பொண்ணு பாக்கப் போனேனே, அந்தப் பொண்ணு மூஞ்சி இப்ப எனக்கு ஞாபகம் இல்ல. இது கண்ணுல கோளாறா, மண்டையில கோளாறா?”

“மண்டையிலதான்” என்று மற்ற இருவரும் தயங்காமல் ஒப்புக்கொண்டனர்.

“அப்படின்னா நாகஸ்வரக்காரர் மீசை மட்டும் பாடிக்கு எப்படிரா ஞாபகம் இருக்கு?” என்றான் மாசிலாமணி.

“மாப்ளே, அது மறக்கக்கூடிய மீசையா?”

திருச்சியில் கேமராக் கடை வைத்திருக்கும் அப்பாஸ் பாயைத் தொலைபேசியில் அழைத்தார்கள்.

“லென்ஸைத் தொடச்சுப் பாத்தீங்களா?” என்றார் அவர்.

“தெனமும் தொடைக்கிறோம் பாய்” என்றான் மாசிலாமணி. பொய்யில்லை. பொட்டுக் கலையாமல் அதைச் சுற்றி வட்டமாகத் துடைப்பது அவனுடைய அன்றாடக் கடமை.

“அப்ப பாடி இருக்கட்டும். நல்ல லென்ஸா ஒண்ணு வாங்குங்க. வாங்கிக் கண்ணு மாதிரி பாத்துக்கங்க.”

மாசிலாமணி தன் மோட்டார் சைக்கிளை விற்றான். திருச்சிக்குப் பஸ் ஏறினான். கடையில் பழைய பாடியில் புது லென்ஸை மாட்டி அப்பாஸ் பாயைப் படம் எடுத்தான். அவருடைய தாடியில் சிக்கியிருந்த பிஸ்கட் துணுக்குவரை தெளிவாக விழுந்தது. மாசிலாமணிக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் முதலாளி கையை நீட்டித் தடுத்தார்.

“பூஜை போடாத பொருளை எவன்டா தொடுவான்?”

சந்தனம் கரைத்தார்கள். பழையதைவிட இது அகலமான லென்ஸ் ஆதலால், பொட்டையும் அகலமாகவே வைத்தார்கள். கண் போலப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரே என்று சடகோபன் விளிம்பைச் சுற்றி மையும் தீட்டினான். பிறகு முதலாளியை நாற்காலியில் அமர்த்திப் படம் எடுத்தார்கள்.

நாற்காலி தெரிந்தது. முதலாளியைக் காணோம்.



“திருச்சியில தெளிவா வந்துச்சு, இங்க வரல” என்றான் சடகோபன். “அப்ப கோளாறு லென்ஸுலயும் இல்ல, பாடியிலயும் இல்ல. ஊர்லதான் இருக்கு.”

“கல்யாணத்தைத் திருச்சிக்கு மாத்திட்டா?” என்றார் முதலாளி.

“பத்திரிகை கொடுத்தாச்சு முதலாளி” என்றான் மாசிலாமணி. தங்கை வீட்டு வாசற்படி அவன் கண்முன் வந்து நின்றது. வாழ்க்கையில் முதன்முறையாக அவன் யோசித்தான். “புகை எப்பவும் நடுவுலதான வருது? நடுவுல பொண்ண நிறுத்தாம இருந்துட்டா?”

“நடுவுல ஆள் இல்லாத கல்யாணப் படமா? அபசகுனம்டா!”

“ஆள் இருக்கு” என்றான் மாசிலாமணி.

பரமகுரு மாமா இருந்தார். தாய் இறந்த ஈரம் காயுமுன்பே அவளுடைய பங்குக் கிணற்றை வளைத்துப்போட்ட தாய்மாமன். முறைக்கு அழைக்காமலும் இருக்க முடியாது. அழைத்தால் எல்லாப் படத்திலும் வந்து நிற்பார்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் மாசிலாமணி கைகூப்பி நின்றான். “மாமா, நீங்க நடுவுல வாங்க. உங்களைவிட யாரு முக்கியம்?”

“இப்பத்தான்டா உனக்கு மரியாதை தெரிஞ்சிருக்கு” என்று மாமா வேட்டியை இறுக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். மணமகள் ஓர் ஓரம், மணமகன் மற்றோர் ஓரம். தாலி கட்டும் படத்தில் மட்டும் இருவரும் இடக்கோடியில், நடுவில் மாமா.

அதன்பின் நடந்தது இவ்வளவுதான். ஆல்பத்தில் பொன்மொழியின் மூக்குத்திக் கல்கூட மின்னியது. மாசிலாமணி ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்குச் சாப்பிடச் செல்கிறான். பரமகுரு மாமா தம்மைத் தேடி அந்த ஆல்பத்தை நான்கு முறை புரட்டிவிட்டு, கண் மருத்துவரிடம் போய்க் கண்ணாடி மாற்றிக்கொண்டார். சிங்காரம் ஸ்டுடியோவுக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கல்யாண ஆர்டர்கள் வந்து குவிகின்றன. வருகிறவர்களிடம் முதலாளி முதலில் கேட்பது, நடுவில் யாரை நிறுத்தவேண்டும் என்பதைத்தான். வேண்டாத உறவினர் ஒருவர் மட்டும் என்றால் பழைய லென்ஸ். குடும்பத்தோடு என்றால் புதியது. பாடியை மாற்றுவதா என்ற ஆலோசனை மட்டும் இன்னும் முடியவில்லை. அதற்கும் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கலாம் என்பது சடகோபனின் கருத்து.