முத்திரை இல்லாத பானைகள்

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். காலையில் ஒருவன் தலையைக் கேட்பான். மாலையில் அவனுக்கே தலைப்பாகை கட்டிவிட்டு அழகு பார்ப்பான். அந்தக் குணத்தோடு மல்லுக்கட்டியே நரைத்துப்போனவர் அமைச்சர் ஆதிநாகர்.

அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. வாளோ வேலோ அம்போ, எதுவானாலும் உடையவனின் முத்திரை அதில் இருக்க வேண்டும். போர் முடிந்ததும் செத்தவர் உடம்பிலிருந்து ஆயுதங்களைப் பிடுங்கிக் கழுவி, சபையில் பரப்பி முத்திரை பார்ப்பார்கள். ஆயுதம் ஏந்தாதவர் மேல் பாய்ந்திருந்தால், உடையவனின் வலக்கைக் கட்டைவிரல் போகும். முத்திரை இல்லாதது ஆயுதமே அல்ல, கொலைக்கருவி. அதைக் குழியில் புதைத்துவிட வேண்டும். மகுடவர்மனே போட்ட சட்டம். அதற்காகச் சொந்தத் தம்பியின் விரலையே வெட்டச் சொன்னவன் அவன்.

அன்று சபை நடுவில் மெழுகால் வாயடைத்த மண்பானைகள் வரிசையாக நின்றன. தளவாய் கொற்றங்கோ மீசையை நீவிக்கொண்டான்.

“மழைக்காலம் தொட்டு முற்றுகை போட்டும் மேல்மலைக் கோட்டை விழவில்லை, அரசே. இந்தப் பானைகளை மதிலுக்குள் எறிந்தால் போதும். மஞ்சள் புகை எழும். மூச்சை இழுத்தவன் திரும்ப விடமாட்டான். ஒன்றை உடைத்துச் சோதித்தும் பார்த்தாயிற்று. நம் ஆள்மேல் ஒரு கீறல்கூட விழாது.”

“உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள்,” என்றார் ஆதிநாகர்.

“பிள்ளைகளா, பேரப்பிள்ளைகளா?” கொற்றங்கோ சபையைப் பார்த்துக் கண்ணடித்தான். “அமைச்சர் மகளை அங்கேதானே கட்டிக்கொடுத்திருக்கிறது! சம்பந்தி வீட்டுச் சோறு இன்னும் நாக்கில் நிற்கிறதுபோல.”

சபை சிரித்தது. ராசாவும் சிரித்தான். ஆதிநாகரின் மகள் அந்தக் கோட்டைக்குள் இருப்பது உண்மை. அதனாலேயே அவர் எவ்வளவு மன்றாடினாலும் அது ஒரு தகப்பனின் அழுகையாகத்தான் இவர்கள் காதில் விழும்.

முந்தின நாள் அவரிடம் ஒருத்தி வந்திருந்தாள். வெள்ளச்சி என்று பெயர், ஆட்டுக்காரன் சடையனின் பெண்சாதி. தளவாயின் ஆட்கள் மேய்ச்சல் காட்டில் ஒரு பானையை உடைத்துச் சோதித்திருக்கிறார்கள். காற்று திரும்பிவிட்டது. ஆட்டோடு ஆடாகச் சடையனும் நுரை தள்ளிக் கிடந்தான். ‘நாளைக்குச் சபை வாசலில் வந்து நில்லம்மா’ என்று மட்டும் சொல்லி அவளை அனுப்பியிருந்தார்.

இப்போது எழுந்து பானைகளைச் சுற்றிவந்தார்.

“தளவாயே, முத்திரையைக் காணோமே?”

“கரைந்துபோகிற புகைக்கு முத்திரை எதற்கு ஐயா?”

“உம்முடையதைக் குத்தும். கோட்டை விழுந்தால் புகழ் உமக்குத்தானே.”

கொற்றங்கோ தன் கட்டைவிரலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். “நான் வெறும் ஊழியன். இவ்வளவு பெரிய புகழ் அரசருக்கே உரியது.”

“அதுவும் சரிதான். ஆனால் யார் பெயரும் இல்லாமல் கிடந்தால், நாளைக்கு வேறொரு நாட்டான் ‘நான்தான் முதலில் செய்தேன்’ என்பானே!”

ராசாவுக்குப் பொறுக்கவில்லை. “எவன் சொல்வான்? கொண்டா முத்திரையை! முதலில் உடைத்த பானையிலிருந்து கடைசிப் பானை வரை அத்தனையும் என்னுடையவை. சபை கேட்டுக்கொள்ளட்டும்!”

மெழுகில் ராச முத்திரை பதிந்தது. எல்லோரையும்விட உரக்க வாழ்த்தியவன் கொற்றங்கோ.

“வாசலில் நிற்கிற அம்மாவை உள்ளே விடு,” என்றார் ஆதிநாகர் காவலனிடம்.

வெள்ளச்சி வந்து நடந்ததைச் சொன்னாள். “கொன்ற ஆயுதத்தைக் கொண்டுவந்தாயா?” என்று ராசா வழக்கம்போலக் கேட்டான்.

“அம்பா வேலா சாமி, பிடுங்கிட்டு வர? அவரு மேல ஒரு காயமில்லை. போர்த்தியிருந்த கம்பளிதான் இருக்கு.” அதை விரித்தாள். முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டது. “கையில ஆடு ஓட்டற கோல் வச்சிருந்தாரு. அது ஆயுதத்துல சேருமா?”

ராசாவின் முகம் கறுத்தது. “தளவாயே!”

“காற்று திடீரென்று திரும்பிவிட்டது, அரசே. அது நம் பேச்சைக் கேட்பதில்லை.”

“மேல்மலையில் மட்டும் கேட்குமோ?” என்றார் ஆதிநாகர். பிறகு ராசாவைப் பார்த்தார். “பானை தங்களுடையது. சட்டமும் தங்களுடையது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.”

ராசாவின் தம்பி விரலில்லாத கையை மடியில் போட்டுக்கொண்டு அண்ணனையே பார்த்தான். மகுடவர்மன் தன் வலக்கையை மெல்ல மூடினான்.

“இவை என்னுடையவை அல்ல,” என்றான். “யாருடையவையும் ஆக முடியாது. இந்தப் புகையைச் செய்பவன், சேர்த்துவைப்பவன், ஏவுபவன், ஏவச் சொல்பவன், அது நானே ஆனாலும், கொலைகாரன். முரசறையுங்கள். தளவாயின் வாளை வாங்குங்கள்.”

கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். மகள் பிழைத்தாள் என்று ஆதிநாகருக்குக் கண் கலங்கியது.

வெள்ளச்சி நகரவில்லை.

“யாருதும் இல்லைன்னா, என் புருசனைக் கொன்னது யாரு சாமி?”

ராசா தப்பிக்கத் தாம் விட்ட வழியில் இவளுடைய நியாயமும் சேர்ந்து போய்விட்டது என்பது ஆதிநாகருக்கு அப்போதுதான் உறைத்தது. மாலையைக் கழற்றித் தரையில் வைத்தார். “பதில் சொல்லுங்கள், அரசே. நான் சொல்லித்தர இதில் ஒன்றுமில்லை.”

ராசா படியிறங்கி வந்து வலக்கையை நீட்டினான். “நான்தான் அம்மா. எடுத்துக்கொள்.”

வெள்ளச்சி அந்த விரலைப் பார்த்தாள்.

“இதை வச்சு நான் என்ன பண்ண? பானையைத் தூக்குங்க. நீங்களும் அந்த மீசைக்காரரும். குழி வரைக்கும் நான் பின்னாலயே வர்றேன்.”

தூக்கினார்கள். மெழுகு கெட்டியாகத்தான் அடைத்திருந்தது, கசிய வழியே இல்லை. ஆனாலும் பக்கத்தில் நடந்த ஆதிநாகர் பார்த்துக்கொண்டே வந்தார்: ஊரைத் தாண்டி, வெட்டிவைத்த குழி வரைக்கும், ராசா மூச்சை அடக்கி அடக்கித்தான் விட்டான்.