கொட்டாங்கச்சிக்கு வயிறு வீங்காது

அந்தக் காலத்தில் பிராணிகள் பேசும். பேச்சோடு நிற்காமல் வேலைக்கும் போகும். எடைக்கல் என்ற ஒன்றை அப்போது யாரும் கண்டதில்லை. தராசின் ஒரு தட்டில் ஒரு பிராணி ஏறி உட்காரும், மறு தட்டில் சரக்கைக் கொட்டி நிறுப்பார்கள். வெல்லத்துக்கு ஓணான், புளிக்குத் தவளை, அரிசிக்கும் பருப்புக்கும் அணில்.

ஆற்றங்கரைச் சத்திரத்தில் சமையல் பார்த்த பேச்சியம்மைக்கு இதில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஓர் அணில் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்பது அவள் கைக்கே தெரியும். பேசிக்கொண்டே பொங்கினாலும் சோறு மல்லிகைப்பூவாக இருக்கும். பேசாமல் அவள் பொங்கியதும் இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு மாசி மாதத்தில் சோறு காலை வாரிவிட்டது. ஒரு நாள் வேகாமல் நறுக்கரிசி, மறுநாள் அடிப்பிடித்துவிட்டது. வழிப்போக்கர்கள் பாதி இலையில் எழுந்துபோனார்கள்.

சத்திரத்து மணியக்காரர் நல்லகுற்றாலம் அடுக்களை வாசலில் வந்து நின்றார். “நாளைக்குத் திருவிழாக் கூட்டம் வருது, பேச்சி. நாளைக்கும் இப்படின்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்.”

சத்திரத்தை விட்டால் பேச்சியம்மைக்குப் போக்கிடம் கிடையாது. அடுப்பைத் திட்டினாள், விறகைத் திட்டினாள், தண்ணீரையும் திட்டினாள். திட்ட இன்னும் யார் மிச்சம் என்று திரும்பியபோது, தராசுத் தட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அணில் கண்ணில் பட்டது.

“ஏட்டி, முழுகாம இருக்கியா?”

அணில் தலையைக் குனிந்துகொண்டது. “ஆமாக்கா. சொன்னா தட்டை விட்டு இறக்கிருவீகன்னு பயந்துட்டேன். குட்டிகளை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?”

அணில் கனத்திருக்கிறது. அதோடு அரிசியும் கூடியிருக்கிறது. தண்ணீர் மட்டும் பழைய தண்ணீர். பேச்சியம்மைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அதே பயத்தில்தான் அவளும் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சியிடம் எதைக் கொட்டித் தீர்ப்பது?

“உன் பழைய எடையில ஆரும் இருக்காகளா?”

“தோப்புல என் தங்கச்சி இருக்கா. ஒரு நாளைக்குன்னா வருவா. அதுக்கு மேல மனுசங்க சோலியே வேண்டாம்னு சொல்லுவா.”

தங்கச்சி முணுமுணுத்துக்கொண்டே வந்து தட்டில் உட்கார்ந்தாள். பேச்சியம்மை அவள் எடைக்கு அரிசியை நிறுத்தாள். நிறுத்ததை ஒரு கொட்டாங்கச்சியில் தலைதட்டி அளந்தாள். சரியாக இரண்டு வந்தது.

“இனிமே இதுதான் கணக்கு. கொட்டாங்கச்சிக்கு வயிறு வீங்காதுல்லா” என்று சிரித்தவள், பாயசத்துக்கு அவலையும் இரண்டு அள்ளினாள்.

“அக்கா, நில்லுங்க” என்றது அணில். “அரிசிக்கு ரெண்டுன்னா அவலுக்கும் ரெண்டா? அவல் காத்தைக் குடிச்சு உப்புனது. அதையும் நிறுத்துப் பாருங்க.”

நிறுத்தால் அவலுக்கு ஐந்து கொட்டாங்கச்சி ஆனது. உப்புக்கு ஒன்றரைகூட ஆகவில்லை. சரக்குக்குச் சரக்கு வேறு கணக்கு என்பது அன்றைக்குத்தான் பேச்சியம்மைக்குப் புரிந்தது. ஒவ்வொன்றாக நிறுத்து, அளந்து, மனதில் போட்டுக்கொண்டாள். தங்கச்சி தோப்புக்கு ஓடிவிட்டாள்.

மறுநாள் திருவிழாக் கூட்டம் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. மணியக்காரர் வேறு ஆளைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை.

அணில் மட்டும் மூலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. “இனி நான் எதுக்குக்கா? அதான் கொட்டாங்கச்சி இருக்கே.”

பேச்சியம்மை இராச் சோற்றுக்கு அரிசி அளந்தாள். தலைதட்டி அளந்து முடித்தவள், குதிருக்குள் மறுபடி கையை விட்டு ஒரு பிடி அள்ளி உலையில் போட்டாள்.

“இது கணக்குல கிடையாது. உனக்கும் வரப்போறதுகளுக்கும். மூட்டையை அவுருட்டி.”

அன்று முதல்தான் நம் வீடுகளில் சோறு பொங்க அரிசியை நிறுப்பதில்லை, அளக்கிறோம். அளந்து முடித்த பிறகும், இன்னும் வந்து சேராத யாருக்கோ ஒரு பிடி கூடப் போடுகிறோம்.